பச்சை மரத்துக் கதவு

எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிவருவார். அதனால் கலியாணம் என்றாலே பெண்ணைப் பெற்றவர்கள் முதலில் வீடு கட்டுவார்கள். வீட்டில் கடைசியாக ஏறுவது கதவு. கல்முனையில் கதவுப் பட்டறை வைத்திருந்த எனக்கு அந்தக் கடைசி நேரத்து அவசரம்தான் சோறு போட்டது.

ஒருநாள் ஒரு லொறிச் சாரதி வந்தார். மகளுக்குக் கலியாணம். அண்ணன் முறை வைத்துத்தான் பேசினார்.

“காக்கா, விலையக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க. மரம் நல்லதா இரிக்கணும். கலியாணத்துக்கு முன்னம் நிலையில பூட்டியும் தரணும்.”

மூன்றில் ஒன்றை அவர் விட்டேயாக வேண்டும். மலிவாக நல்ல கதவு வேண்டுமென்றால் என் பலகை காயும்வரை பொறுக்க வேண்டும். உடனே வேண்டுமென்றால் காய்ந்த மரத்தைக் கூடிய விலைக்கு வெளியே வாங்க வேண்டும். இதைச் சொன்னால் அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்விடுவாரே! “ஓம், எல்லாம் செய்யலாம்” என்றேன். ஈரம் உலராத பலகையில் கதவு செய்து, வார்னிஷ் அடித்து மினுக்கி, சொன்ன நாளுக்கு முன்பே பொருத்திக் கொடுத்தேன். எல்லோரும் தடவிப் பார்த்து மெச்சினார்கள்.

கலியாணத்தன்று மாரி மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை என்னைக் கூட்டிப்போக ஆள் வந்தது. அறைக் கதவு முறுக்கி, நிலையோடு இறுகிவிட்டது. உள்ளே மாப்பிள்ளையும் பெண்ணும். ஜன்னல் கம்பிக்கு இடையால் தேத்தண்ணி போய்க்கொண்டிருந்தது.

“மாப்புள்ள ஓடிருவாரெண்டு பயமா?” என்று மச்சான்மார் வெளியே சிரித்தார்கள்.

“பகல் சோத்தையும் இதாலதான் தருவீங்களா?” என்று மாப்பிள்ளை உள்ளேயிருந்து கேட்டார்.

மாப்பிள்ளையின் உம்மா மட்டும் சிரிக்கவில்லை. “என்ன காக்கா, கதவா இது?” என்றார்.

சாரதி என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து சீவுளியை எடுத்துக்கொண்டே, “காசுக்கேத்த கதவு, ராத்தா” என்றேன்.

சாரதி மறுத்து ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கஞ்சத்தனம் அவருடையதாகிப் போனது. நான் கதவைச் சீவிப் பொருத்திவிட்டு வந்தேன். அதன்பிறகு மகனைப் பார்க்க வரும்போதெல்லாம், கறியில் உப்புக் குறைந்தாலும், “வாப்பா குடுத்த கதவு மாதிரித்தானே மகளும்” என்று மாமியார் அந்தப் பிள்ளையைக் குத்துவாராம். என் மனைவி வந்து சொல்வாள். கேட்டுவிட்டு வருஷக்கணக்காகச் சும்மா இருந்தேன்.

சாரதி மௌத்தாகி, அடக்கமும் முடிந்த பிறகு, போன மாதம்தான் அந்த மாமியாரிடம் போய், பச்சை மரம் போட்டவன் நானே என்று சொன்னேன்.

“கதவ மட்டும் சொன்ன நாளுக்கு முந்தித் தந்தீங்க. இந்தக் கதைய இவ்வளவு பிந்தித் தாறீங்களே!” என்றவர், முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு எழுந்தார். “என்னெட்டச் சொல்லி என்ன? வாங்க, அவளுக்கிட்டச் சொல்லுங்க.”

அந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் மருமகள் சிரித்தாள். “தெரியும் மாமா. அண்டைக்கு நீங்க சீவின மரச்சீவல் ஈரமாக் கெடந்ததெண்டு வாப்பா சொன்னவர். தொழில் செய்ற மனுசன், சபையில வெச்சுக் கேவலப்படுத்தக் கூடாதெண்டும் சொன்னவர்.”

அவள் அந்தக் கதவைத் தள்ளிக் காட்டினாள். நான் சீவியதிலிருந்து அதை ஒழுங்காகச் சாத்த முடிந்ததே இல்லையாம்.

“புதுசா ஒண்டு செஞ்சு தாங்க. மரம் நல்லாக் காயட்டும். எனக்கு அவசரமில்ல.”

பலகையை நிழலில் அடுக்கியிருக்கிறேன். இந்த வயதில் எனக்குத்தான் அவசரம்.