சோலை வரி இல்லாத காணி

அந்தக் கதிரைக்கு ஒரு கால் கட்டை. கபில நிற ரெக்சின் இருக்கை, கிழிந்த இடத்தில் சாம்பல் நிற ஒட்டுநாடா. சமையலறையில் அதில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது கோப்பியைச் சிந்தியிருக்கிறார்கள். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு பனி மாரி முழுவதும் என் சகலர், அதாவது என் மனைவியின் அக்காவுடைய கணவர், அந்தக் கதிரையை வைத்து மொன்ட்ரியால்-நோரில் ஒரு நிலத்தை ஆண்டார்.

அக்காவுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. மூன்றாம் மாடி வாடகை வீட்டில் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரனைக் கேட்க வேண்டியிருக்கிறது என்பது அவரின் முறைப்பாடு. கையில் முதல் இருந்தது, வங்கியும் தயார். சகலர்தான் மாட்டேன் என்றார். காரணம், துரதிர்ஷ்டவசமாக, நான். வாசித்ததை வயிற்றுக்குள் வைத்திருக்கத் தெரியாத வியாதி எனக்கு உண்டு. ஒரு ஞாயிறு மத்தியானம் மீன்குழம்புக்கு நடுவே, இந்த மொன்ட்ரியால் தீவு முழுவதும் ஒரு காலத்தில் பாதிரிமாரின் கையில் இருந்ததையும், உழுதவன் அவர்களுக்கு ஆண்டுதோறும் குத்தகை கட்டியதையும், பழைய சட்டங்களில் மேலே எந்தப் பிரபுவும் இல்லாத, ஒருவருக்கும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லாத நிலம் என்று தனியாக ஒரு வகை இருந்ததையும் விளக்கினேன். ஆள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அப்ப இப்ப பிரபு ஆர்? சிற்றிதானே! வருஷா வருஷம் வீட்டுக்குச் சோலை வரி கட்டாட்டி அதை எடுத்துப் போடுவாங்கள். பேந்து அது ஆரின்ரை வீடு? மேலை ஆளில்லாத காணி கிடைச்சால் சொல்லும், வாங்கிறன்."

அன்றிலிருந்து சில மாதங்களுக்கு அக்கா வீட்டில் என் தட்டுக்கு மீனின் வால் துண்டு மட்டுமே வந்தது.

டிசம்பரில் அவருக்குக் காணி கிடைத்தது. பனி கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் வாசலுக்கு முன்னே தெருவோரத்தை வேர்க்க வேர்க்க ஷவலால் வெட்டி, தன் பழைய காருக்கு ஓர் இடம் எடுத்தார். வேலைக்குப் போகும்போது அதன் நடுவில் அந்தக் கதிரையை வைத்தார். வெட்டினவனுக்கே இடம் என்பது இந்த ஊரில் எழுதாத வழக்கம். பின்னேரம் வந்து பார்த்தால் கதிரை அப்படியே இருந்தது. உடனே எனக்கு டெலிபோன். "ஐசே, பிரபுவுமில்லை, வரியுமில்லை. உம்மடை புத்தகத்திலை சொன்ன காணி எங்கட வாசல்லை கிடக்கு!"

காணி என்றால் எல்லை இருக்கும். எல்லை இருந்தால் அந்தப் பக்கம் ஒருவர் இருப்பார். பக்கத்து இடத்தை வெட்டி வைத்திருந்தவர் கீழ்வீட்டுக் கிழவர், இந்த ஊரிலேயே பிறந்த வெள்ளையர். எங்கள் ஊர்ப் பக்கத்தில் வேலி அடைக்கும்போது நட்ட கதியால் தடி கொஞ்சம் கொஞ்சமாக அடுத்த வளவுக்குள் நடக்கும். இங்கே பனி வரம்பு நடந்தது. காலையில் சகலர் அதைக் கிழவர் பக்கம் தள்ளுவார். மத்தியானம் அது திரும்பி வந்திருக்கும். அரசாங்க வகுப்பில் மண்டைக்குள் ஏறாத பிரெஞ்சு அந்த வரம்பில் நின்று மளமளவென்று ஏறியது. கிழவர் "நோன், நோன், முஸியே" என்று தடியால் கோடு கீறிக் காட்டுவார். சகலர் பிரெஞ்சு முடிந்த இடத்திலிருந்து தமிழில் தொடருவார். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு மலர்ச்சியை அதற்கு முன் நான் கண்டதில்லை.

பெரிய பனிப்புயலுக்கு மறுநாள் நகரசபைக்காரர் பனிமேட்டில், பனி அள்ளப் போகிறோம், கார் நிறுத்தக் கூடாது என்ற செம்மஞ்சள் பலகைகளை நட்டுவிட்டுப் போனார்கள். அரசன் வெட்டிய காணிக்குப் பலகை பொருந்தாது என்று சகலர் நினைத்திருக்க வேண்டும். அடுத்த காலையில் கார் இழுக்கும் லொறியின் சைரன் ஊளையிட்டபோது அவர் கட்டிய சாரமும் மாட்டிய சப்பாத்துமாக மூன்று மாடி இறங்கி ஓடினார். நானும் அன்று அங்கேதான் நின்றேன். மெதுவாக ஓடினேன், எனக்குக் காணி இல்லை. காரை லொறி இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பனியை விழுங்கி ஊதும் இயந்திரம் எல்லை, வரம்பு, கோடு எல்லாவற்றையும் அள்ளித் துப்பியபடி வந்தது. அதன் வாய்க்கு முன்னாலிருந்து கதிரையை இழுத்தெடுத்தவர் அந்தக் கிழவர். குளியல் அங்கியோடு நின்று, மாதா கோயில் சாமான்களின் பெயர்களைச் சொல்லித் திட்டும் இந்த ஊர் வழக்கப்படி, நகரசபையைப் பீடத்திலிருந்து பூசைக் கிண்ணம் வரை திட்டினார். பிறகு கதிரையைச் சகலரிடம் நீட்டினார். அவருடைய இடமும் போயிருந்தது.

மேலே வந்ததும் அக்கா தேத்தண்ணியை வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"வரி கட்டாத காணியைக் கேள்வி பறைச்சல் இல்லாமல் அள்ளிக்கொண்டு போயிட்டாங்கள். வரி கட்டின காணியெண்டால், எடுக்க முந்தி உங்கட பேரைப் போட்டு ஒரு கடிதமாவது அனுப்பியிருப்பாங்களெல்லே?"

நான் சட்ட வரலாற்றிலிருந்து ஒரு பதிலைத் தேடினேன். முழுப் புத்தகத்திலும் அதற்கு ஒரு வரி இல்லை. அடுத்த கோடையில் இல்-பிசாரில் வீடு வாங்கினார்கள். பால் காய்ச்சலுக்குக் கிழவரும் வந்தார். வேலியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சண்டை பிடிக்க ஆளே இல்லையே என்று அனுதாபப்பட்டார். வரிக் கடிதம் முதன்முதல் வந்த அன்று சகலர் அதை எனக்குக் காட்டினார். "பாரும், என்ரை பேரைப் பிழையில்லாமல் அடிச்சிருக்கிறாங்கள்." எனக்கு நடு முறி மீனும் திரும்பக் கிடைத்தது.

போன கிழமை பனியில் அங்கே போனேன். இரண்டு கார் நிற்கக்கூடிய சொந்தப் பாதை. கண்ணுக்கெட்டிய தூரம் அதைப் பிடிக்க ஒரு மனிதர் இல்லை. நடுவில், கட்டைக் காலை ஒரு செங்கல்லில் ஊன்றியபடி, அதே கதிரை. என் காரை நிறுத்த இறங்கி அதைத் தூக்கினேன். ஜன்னல் திறந்தது.

"ஐசே, அதை அரை அடி வலப்பக்கம் வையும். இடப்பக்கம் நான் வெட்டினது."

அதே ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "அவரின்ரை கதையை விடுங்கோ. இடப்பக்கம் என்ரை கார் வாறது. வேலிக் கரையிலை வையுங்கோ."

நான் கதிரையை வேலிக் கரையில் வைத்தேன். சகலர் ஜன்னலைச் சாத்தினார்.