புலி பார்க்கப் போன இருபது பேர்

ஆறு மாதம் ஒரு நாள்கூட லீவு போடாதவர்களை முதுமலைக்குக் கூட்டிப்போய்ப் புலி காட்டுவதாக, ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. ஐந்தாவது மாதத்தில் ஊரில் அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்து தொலைத்தது. தாய்மாமனான என் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை. நான் போகவில்லை. யாரோ ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்துக் குத்தினார்கள். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பிள்ளை மட்டும் போனில் பேசும். "மாமா உனக்காவ புலி பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்று அதற்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

லீவே எடுக்காத இருபது பேரைப் பொறுக்கியெடுத்தால் அவர்கள் எப்பேர்ப்பட்ட தூக்கக் கடன்காரர்களாக இருப்பார்கள் என்று எச்.ஆர். மேதைகள் யோசிக்கவில்லை. நாங்களும்தான் யோசிக்கவில்லை.

காட்டுக்குள் போகும் வேனில் விடியற்காலையில் ஏறினோம். "யாரும் சத்தம் போடக் கூடாது" என்றார் டிரைவர். வண்டி நகர்ந்தது, ஜன்னலில் குளிர்காற்று, பேச்சுமூச்சு இல்லை. முதல் ஷிப்ட் பஸ்ஸும் அப்படித்தான் இருக்கும். ஏறியதும் கண்ணை மூடுவோம். கேட்டில் செக்யூரிட்டி தகரத்தைத் தட்டினால்தான் திறப்போம். காட்டில் தட்ட ஆளில்லை.

கண் விழித்தபோது வேன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நின்றிருந்தது. எங்கள் சூப்பர்வைசர், இருங்காட்டுக்கோட்டைக்காரர், வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இன்னாபா, எதனா வந்துச்சா?"

"புலி வந்துச்சு சார். வண்டிக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போச்சு" என்றார் டிரைவர்.

"எழுப்பக் கூடாதா?"

"சத்தம் போடக் கூடாதுன்னு நான்தானே சொன்னேன்."

சூப்பர்வைசர் அசரவில்லை. வாசலில் இருந்த புலிப் படப் பலகைக்கு முன்னால் எங்களை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார். 'புத்துணர்வுடன் நம் குழு' என்று எழுதி அது கேன்டீனில் தொங்கியது. அதில் நான் சிரித்துக்கொண்டு வேறு நிற்கிறேன். சாப்பிடும்போதெல்லாம் அதைப் பார்க்க எரிச்சலாக வரும்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை போன் போட்டது.

"மாமா, புலி பாத்தியா?"

"பாத்தேன்."

"என்ன செஞ்சுது?"

"தூங்கிக்கிட்டு இருந்துச்சு."

"காதுகுத்துக்கு வராம அதையா பாக்கப் போன?"