அவள் நட்ட உள்ளி

ஜெர்மனியில் ஹம் நகரத்துக்கு வெளியே, ரயில் பாதை ஓரமாக எங்களுக்கு ஒரு வாடகைத் தோட்டத் துண்டு இருந்தது. எங்களுக்கு என்று சொல்வது பொய். அது என் மனைவியுடையது. தொழிற்சாலையில் எட்டு மணிநேரம் நின்றுவிட்டு வருகிற எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல். கடையில் கிடைக்காத கத்தரிக்காயா என்று சண்டை பிடிப்பேன்.

2005 மார்கழியில் அவள் போய்விட்டாள். புற்றுநோய். மாசியில், தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட முடிவெடுத்தேன். நிலத்தைக் கொத்தித் துப்புரவாக்கிக் கையளிக்க வேண்டும் என்று தோட்டச் சங்கம் கடிதம் போட்டிருந்தது. பனி கரைந்த ஒரு சனிக்கிழமை மண்வெட்டியோடு போனேன். நல்ல கோபம். யார்மேல் என்று கேட்டால், என்னைத் தனியே விட்டுப் போனவள்மேல்தான்.

கொட்டில் ஓரப் பாத்தியில் பச்சையாக ஏதோ முளைத்து நின்றது. உறைபனிக்குள் கிடந்து மாசியில் தலைகாட்டும் பயிரை எங்கள் ஊரில் யார் கண்டது? புல் என்றே நினைத்துப் பாத்தி முழுவதையும் புரட்டிப் போட்டேன்.

அடுத்த தோட்டத்து ஜெர்மன் கிழவி வேலியருகே ஓடிவந்து கத்தினாள். "நிறுத்துங்கள்! அது பூண்டு. கார்த்திகையில் உங்கள் மனைவி நட்டது. கோடையில் உங்கள் கறிக்கு வேண்டும் என்று சொன்னாரே!"

குனிந்து ஒன்றை எடுத்து முகர்ந்தேன். பூண்டேதான், எங்கள் உள்ளி.

அவள் அதை நட்ட நாள் எனக்கு நினைவிருக்கிறது. நிற்கவே ஏலாதவள், நகமெல்லாம் மண்ணோடு பின்னேரம் வீட்டுக்கு வந்தாள். "இந்தக் குளிருக்குள்ள எங்க போனனீர்? சாகப் போறீரோ?" என்று கத்தினேன்.

"சும்மா ஒருக்கால் பாத்திட்டு வந்தனானப்பா. கத்தாதேங்கோ" என்றாள்.

கோடை வரை தான் இருக்கமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்படிக் கேட்டேன், பாவி.

ஈர மண்ணில் முழங்காலில் நின்று ஒவ்வொன்றாகத் தேடினேன். பாதிக்கு மேல் வெட்டுப்பட்டிருந்தன. வேர் மிஞ்சியதைத் திரும்ப ஊன்றினேன். கிழவி ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மனைவி நட்டது நேர் வரிசை, என்னுடையது கோணல்மாணல். "இஞ்சேருமப்பா, செத்தும் என்னை வேலை வாங்கிறீர்" என்று வாய்விட்டுச் சொல்லி அழுதேன்.

ஆடியில் பதினேழு பிழைத்திருந்தன. தோட்டத்தை நான் கொடுக்கவில்லை. அவள் சொல்லியிருந்தபடியால் ஒன்றை மட்டும் கறிக்குப் போட்டேன். மற்றதையெல்லாம் பல்லுப் பல்லாகப் பிரித்து, கார்த்திகையில் அதே பாத்தியில் நட்டேன். அன்று பின்னேரம் மண் கையோடு வீட்டுக்கு வந்தேன். இந்தக் குளிருக்குள்ள எங்க போனனீங்கள் என்று கத்த அங்கே ஒருவரும் இல்லை.