பச்சையாக எரிந்த மாவு

துரைசிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து இருபது வயதில் மலாயாவின் கெடாவுக்கு வந்தவர். சுங்கைப் பட்டாணியில் ஓர் ஆங்கிலப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்தார். குப்பி கழுவுவதும் அமிலம் அளந்து வைப்பதும்தான் வேலை. ஆனால் பெயர் தெரியாத உப்பு எதையாவது கொடுத்தால், அதில் என்ன தனிமம் இருக்கிறது என்று வாத்தியாருக்கு முன்பே சொல்லிவிடுவார்.

ஜப்பான்காரர்கள் பள்ளியை முகாமாக்கியதும், செர்டாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் மருந்தகத்துக்கு வந்து சேர்ந்தார். கையோடு கொண்டுவந்தது ஒரு பிளாட்டினக் கம்பியும் ஒரு குப்பி அமிலமும். அங்கே வைத்தியம் பார்த்துவந்த டிரெசர் மலேரியாவில் இறந்தபின், நோயாளிகளையும் அவரே பார்க்க வேண்டியிருந்தது.

1944இல் ஒரு காலை, மருதம்மாளின் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் வாந்தியும் பேதியுமாக இருந்தது. அவள் புருஷனை முந்தின வருஷமே ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். துரைசிங்கம் வந்து பார்த்து, காலரா என்று நினைத்து உப்புக் கஞ்சி கொடுக்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள்.

தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் அழகேசன், காலரா என்று ஜப்பான்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினான். மறைத்தால் அவன் தலை போகும். மறுநாள் வந்து ஆட்கள் குடியிருந்த லயத்தை எரித்து, ஆட்களை லாரியில் ஏற்றிப் போவார்கள் என்று பேச்சு. பக்கத்துத் தோட்டத்தில் அப்படிப் போனவர்கள் திரும்பவில்லை.

துரைசிங்கத்துக்கு ஒன்று உறுத்தியது. சாகுமுன் சின்னவளால் கையைத் தூக்க முடியவில்லை, கழுத்து நிற்கவில்லை. இப்போது பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவுக்கும் அவள் தங்கைக்கும் வாந்தியோடு கால்கள் துவளத் தொடங்கின. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களாவைக் கூட்டும்போது ஸ்டோரில் மாவு டின் ஒன்று கிடைத்தது, லேபிளைக் கரையான் தின்றிருந்தது என்றாள் மருதம்மாள். மரவள்ளிக் கிழங்கோடு பிசைந்து ரொட்டி சுட்டு, பிள்ளைகளுக்குப் போட்டு, பாப்பம்மா வீட்டுக்கும் கொடுத்திருந்தாள்; அவளுக்கு மிஞ்சவில்லை.

டின்னைத் தூக்கினார். மாவுக்கு அத்தனை கனம் கிடையாது. ஒரு சிட்டிகையில் அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. கம்பியை அதில் தோய்த்து ஸ்பிரிட் விளக்கின் சுடரில் காட்டினார். சுடரின் ஓரம் இளம்பச்சையாக எரிந்தது. பேரியம் அப்படித்தான் எரியும். ஆனால் செம்பும் போரிக் தூளும்கூடப் பச்சை காட்டும். அதனால் பழைய லாரி பேட்டரியின் அமிலத்தில் இரண்டு சொட்டு அந்தக் கரைசலில் விட்டார். பால்போல் வெளுத்துத் திரண்டு அடியில் படிந்தது; கலக்கியும் கரையவில்லை. சந்தேகம் தீர்ந்தது. எலிக்கு வைக்கும் விஷம்.

கரையாமல் படிந்துவிட்டால் பேரியம் உடம்பில் ஏறாது. பேட்டரி அமிலத்தைப் போலவே பேதி உப்பும் அதைப் படிய வைக்கும். மருந்தக அலமாரியில் அரை டப்பா இருந்தது. பாப்பம்மாவுக்கும் தங்கைக்கும் கரைத்துக் கொடுத்தார். நாலு நாளில் இருவரும் எழுந்து நடந்தார்கள்.

பிள்ளைகள் இறந்த மறுநாளே வந்த ஜப்பானிய மருத்துவ அதிகாரிக்குத் துரைசிங்கத்தின் பேச்சு எதுவும் புரியவில்லை. துரைசிங்கம் கம்பியை மறுபடி தோய்த்துச் சுடரில் காட்டினார். அதிகாரி குனிந்து பார்த்து, "பாரியூமு" என்றார். லாரிகள் வெறுமையாகத் திரும்பின.

அன்று பின்னேரம் மருதம்மாள் மருந்தகத்துக்கு வந்தாள்.

"நான் சுட்ட ரொட்டிதானா ஐயா?"

"ஓம் பிள்ளை. பேணியிலே எழுத்தில்லை. ஆராலும் கண்டுபிடிச்சிருக்க ஏலாது."

"நீங்க கண்டுபுடிச்சீங்களே."

அவர் அலமாரியைத் திறந்து பேதி உப்பு டப்பாவைக் காட்டினார். முதல் நாள் காலையில் வந்தபோதே என்ன சாப்பிட்டார்கள் என்று தாம் கேட்டிருந்தால், அந்த உப்பைப் பிள்ளைகளுக்கும் கொடுத்திருக்கலாம் என்பதை மறைக்காமல் சொன்னார். அவள் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சண்டை முடிந்தது. சயாமுக்குப் போன புருஷன் வரவில்லை. மருதம்மாள் அக்காள் வீட்டோடு பண்டார் பாருவுக்குப் போனாள். துரைசிங்கம் பழைய பள்ளிக்கே திரும்பினார். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போனார். அவள் காப்பி கொடுத்தாள். பிள்ளைகள் இருந்திருந்தால் பெரியவளுக்கு இப்போது பதினொன்று என்றாள். அவர் தலையாட்டினார். காப்பியைக் குடித்து முடித்து, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பினார்.