தலையோடு விழும் பூ

வெக்ஸ்போர்ட்டில் ஜப்பானிய ஓவிய வகுப்புக்கு நான் போனதற்குக் கலை ஆர்வம் காரணமில்லை. என் மனிசன் பென்ஷன் எடுத்துவிட்டு முழுநாளும் குசினிக்குள் நின்று, வெங்காயம் வெட்டுவது எப்படி என்று எனக்கு வகுப்பெடுத்தார். அந்த வகுப்புக்கு இந்த வகுப்பு மேல்.

ஆசிரியை என் வயதுக்காரி, ஜப்பானில் பிறந்தவர். அவரிடம் ஒரு செடியும் சும்மா செடியில்லை. பைன் மரம் என்றால் நீண்ட ஆயுள். மூங்கில், வளைந்தாலும் முறியாத குணம். பனிக்குள் பூக்கும் பிளம், பொறுமை. நானும் தலையாட்டுவேன். ஸ்ரௌவ்வில்லில் எங்கள் வீட்டு வேலியோரம் ஆறு பைன் நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் அறுபதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். மரத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை போல.

பிறகு மனிசனுக்கு இருதயத்தில் மூன்று அடைப்பு என்றார்கள். பைபாஸுக்கு நாள் குறித்தார்கள். வகுப்பில் கிடந்த புத்தகத்தில் சிவப்பாக ஒரு பூவைக் கண்டேன். பிள்ளையாருக்கு வைக்கிற செவ்வரத்தை என்றே நினைத்து, பார்த்துக் கீறி, சட்டம் போட்டு, ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலருகே வைத்தேன். ஒபரேஷன் அன்று காலை அதைப் போட்டோ எடுத்துப் பெருமையாக ஆசிரியைக்கு அனுப்பினேன். பின்னால் கட்டில் கம்பியும் தெரிந்திருக்கிறது.

உடனே போன் அடித்தது.

“கமேலியாப் பூ அழகாக வந்திருக்கிறது. ஆனால் ஜப்பானில் அதை நோயாளிக்குப் பக்கத்தில் வைக்க மாட்டோம்,” என்றார். “அது இதழ் இதழாக உதிராது. முழுத் தலையாக விழும்.”

அட கோதாரி! சகுனம் பார்க்கிற ஆட்களை வாழ்நாள் முழுக்க நக்கலடித்தவள் நான். படத்தைத் தூக்கிப் பைக்குள் திணித்தேன்.

“என்னப்பா, ஏன் உந்தப் படத்தை எடுக்கிறீர்?” என்றார் மனிசன்.

“தூசி பிடிக்குது.”

“பொய் சொல்லாதையும். முகம் செத்துப்போய்க் கிடக்கு.”

சொன்னேன். அவர் சிரித்தார்.

“தலைதானே விழும்? எனக்கு வெட்டப்போறது நெஞ்சை. வையும் உதை அங்கை.”

அவரை உருட்டிக்கொண்டு போனார்கள். நான் காத்திருக்கும் அறையில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் செத்துப்போவார் என்று பயந்தேன். அதை வாய்விட்டுச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை. சட்டத்தைக் கழற்றி, கைப்பையில் கிடந்த பேனையால், பூவுக்குக் கீழே ஒரு தடி கீறினேன், குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுப்பதுபோல. போதாது என்று பட்டது. இன்னொன்று கீறினேன். டொக்டர் வெளியே வந்து எல்லாம் சரி என்றபோது பதினேழு தடி நின்றன.

இப்போது படம் எங்கள் வீட்டு ஹோல் சுவரில் தொங்குகிறது. மனிசனைச் சுகம் விசாரிக்க வந்த ஆசிரியை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

“பூ விளங்குகிறது. இந்தத் தடிகளுக்கு உங்கள் ஊரில் என்ன பொருள்?”

“பயம்,” என்றேன். “பதினேழு தரம்.”