மாவு டின்னில் அத்தை நடத்திய பரீட்சை

என் அத்தை ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதை மாற்ற தாராவியில் ஆள் கிடையாது. அந்த மே மாதம் அவள் எடுத்த முடிவு, தன் அண்ணன், அதாவது என் அப்பா, இனி எண்ணெய் டாங்குக்குள் இறங்கக் கூடாது என்பது.

செம்பூர்ப் பக்கம் எண்ணெய் டாங்குகளைச் சுத்தம் செய்யும் காண்ட்ராக்டரிடம் அப்பா வேலை பார்த்தார். டாங்கின் அடியில் கறுப்பாகச் சேறு படியும். எண்ணெயை இறைத்த பிறகு, சேறு எவ்வளவு உயரம் என்று பார்க்க முதலில் ஒருவர் உள்ளே இறங்குவார். அந்த ஒருவர் அப்பா. அதற்கு முந்தின மாதம் உள்ளேயிருந்த வாயுவில் மயங்கி விழுந்த அவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வெயில் தாங்கவில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டது. நானும் நம்பினேன்.

அத்தை மாட்டுங்காவில் பிஎஸ்சி ஃபிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். உயரத்தை வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிட்டால் ஆளை இறக்க வேண்டாமே என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் ஒரு நாள் காலையில் அம்மாவின் காலி எண்ணெய் டின்னில் ஆறு விரல் உயரத்துக்கு இட்லி மாவை ஊற்றி, அதன்மேல் வடை பொரித்த பழைய எண்ணெயையும் ஊற்றி மூடிவிட்டாள். அம்மா இட்லி அவித்து விற்பவள். மாவுதான் எங்கள் பிழைப்பு.

“கோட்டி புடிச்சிருக்காட்டி ஒனக்கு?” என்றாள் அம்மா.

“சேறு மாதிரி நம்ம வீட்ல வேற என்ன மைனி இருக்கு?”

தண்ணீர் டிரம்மைத் தட்டி மிச்சம் எவ்வளவு என்று சொல்வது எங்கள் சந்தில் எல்லோருக்கும் கைவந்த வித்தை. அத்தையும் மரக்கரண்டியால் டின்னைத் தட்டினாள். வெற்றிடம் கணீரென்றது, எண்ணெய் இருந்த இடம் தொம்மென்றது. ஆனால் எண்ணெய்க்கும் மாவுக்கும் சத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் டின்னின் மேல் வெந்நீரை ஊற்றி, உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவினாள். வெற்றிடத்தில் சூடு நின்றது. எண்ணெய் இருந்த இடம் மெதுவாக ஆறியது, மாவு இருந்த இடம் சீக்கிரம் ஆறியது.

அத்தை சொல்லியனுப்பி, மதியத்துக்கு மேல் காண்ட்ராக்டர் வந்தார். எங்கள் ஊர்க்காரர்தான். ஆறு விரல் என்று அவரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டு, வெந்நீர் ஊற்றித் தடவிச் சாக்பீஸால் கோடு போட்டாள். கோடு ஏழு விரலில் விழுந்தது.

அவர் சிரித்துவிட்டார். “நீதானம்மா ஆறுன்னு சொன்ன?”

மறுபடி ஊற்றினாள். மறுபடியும் ஏழு. அத்தையின் முகம் வெளிறிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அவள் கோட்டை அழிக்கவில்லை.

“கை ஏழுன்னுதான் சொல்லுது அண்ணாச்சி. குச்சி விட்டுப் பாருங்க.”

மூடியைத் திறந்து அவரே குச்சி விட்டார். மாவு ஒட்டியிருந்தது ஏழு விரலுக்கு. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: “இந்த வெக்கையில மாவு பொங்காம என்ன செய்யும்?”

காண்ட்ராக்டர் குச்சியைக் கோட்டோடு மறுபடி வைத்துப் பார்த்தார். ஊற்றியவளுக்கே தெரியாத அளவைக் கை சொல்லியிருக்கிறது. “டாங்குக்கு வந்து செஞ்சு காட்டு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாங்குக்கு வெந்நீர் தேவைப்படவில்லை. பகல் முழுக்கக் காய்ந்த இரும்பை, வெயில் இறங்கிய பிறகு தடவிப் பார்த்தாள். சேறு நின்ற உயரத்தில் சூடு மாறியது. அளவு தெரிந்ததும் வெளியிலிருந்தே சூடான எண்ணெயைப் பாய்ச்சிச் சேற்றைக் கரைத்து உறிஞ்சினார்கள். யாரும் இறங்கவில்லை. அப்பாவை வால்வுப் பக்கம் நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மட்டும் அத்தையோடு பேசவில்லை. எத்தனை பேர் இருந்தாலும் என் அப்பாதான் முதலில் இறங்குவார் என்று வகுப்பில் பீற்றிக்கொண்டிருந்தவன் நான். இரண்டாம் நாள் அவளே வந்து ஏன் என்று கேட்டாள்.

“அப்பாவோட எடத்த நீங்க பறிச்சிட்டீங்க,” என்றேன்.

“ஆமா, பறிச்சிட்டேன்,” என்றாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவள் முகத்தில் பார்த்ததேயில்லை. எனக்கு அது திமிராகப் பட்டது.