மாட்டுங்கா சர்வரை யார் தொட்டது?

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: மெஷின் நின்றுபோனால் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை, யார் தொட்டது என்றுதான் கேட்பார்கள்.

ஓடுகிற மெஷின்

மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து இரண்டு சந்து தள்ளி, சேஷாத்ரி சாரின் ஆடிட்டர் ஆபீஸ். மேஜைகளில் இருப்பது திரையும் கீபோர்டும்தான். எல்லா வேலையும் உள்ளறையில் இருக்கும் ஒரே சர்வரில் நடக்கும். அது நின்றால் ஆபீஸே நிற்கும். மழை தொடங்கியதிலிருந்து சில காலைகளில் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடி ஓடும். மெமரி, டிஸ்க், மின்சாரம் எல்லாம் சோதித்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்யலாம் என்றால் சார் விடமாட்டார். ஓடுகிற மெஷினில் கை வைக்கக்கூடாது என்பது அவர் சட்டம்.

அவருக்கு வேறொரு விடை கிடைத்திருந்தது: ஜெபராஜ். தாராவியிலிருந்து நடந்தே வந்து காலையில் ஆபீஸைத் திறக்கிற ஜூனியர் கிளார்க். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எதிர்க் கட்டடத்து ஆடிட்டர் அவனைக் கையில் போட்டுக்கொண்டு, ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நேரம் பார்த்து வேலையைக் கெடுக்கிறார் என்று சார் சொன்னார். சீனியர் அக்கவுண்டண்ட் வெங்கட்ராமன் பக்கத்தில் நின்று தலையாட்டினார். ஆதாரம் இல்லாமல் எப்படி என்று கேட்டேன்.

"ஆதாரம் வேணும்னாதானே? கேமரா வாங்கியாச்சு," என்றார் சார்.

கதவைப் பார்க்கிறான்

கேமராவை ஜெபராஜின் மேஜைக்கு நேர் மேலே மாட்டினார்கள். அடுத்த வாரமே சர்வர் நின்றது. பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார் சார். ஜெபராஜ் உட்கார்ந்திருக்கிறான். நிமிர்ந்து கதவுப் பக்கம் பார்க்கிறான். அவசரமாக ஒரு பட்டனைத் தட்டுகிறான். திரை உறைந்துவிடுகிறது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு பதிவு. அதே பார்வை, அதே தட்டல், அதே உறைதல். பார்க்கப் பார்க்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. குற்றமில்லாதவன் எதற்குக் கதவைப் பார்க்க வேண்டும்?

சனிக்கிழமையோடு அவனை நிறுத்திவிடுவது, கிங்ஸ் சர்க்கிளில் வேறெந்த ஆபீஸும் அவனைச் சேர்த்துக்கொள்ளாதபடி எல்லோரிடமும் சொல்லிவைப்பது என்று முடிவாயிற்று. அவன் வீட்டில் சம்பாதிப்பவன் அவன் ஒருவன்தான். கீழே டீக்கடையில் அவனைப் பிடித்து, எதைத் தட்டினாய் என்று கேட்டேன். கிளாஸைக் கையில் உருட்டினான்.

"மெஷின நா ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி. என்ன பண்ணுனேன்னு மட்டும் கேக்காதிய."

திலக்நகர் தாண்டி

வெள்ளிக்கிழமை நல்ல மழை. வழக்கமாக பஸ்ஸில் போகிற நான் அன்று செம்பூரில் ரயில் ஏறினேன். வாஷியிலிருந்து வருகிற ஹார்பர் லைன் வண்டி. திலக்நகர் தாண்டியதும் தண்டவாளத்தில் தண்ணீர் என்று நின்றுவிட்டது. கூட்டத்தில் என் தோளில் இடித்துக்கொண்டிருந்த குடைக்காரரைத் திரும்பிப் பார்த்தால், வெங்கட்ராமன். வாஷிக்காரர், தினமும் இந்த வண்டிதான். ஜெபராஜைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் முகமே சரியில்லை என்றார்.

சர்வர் ஓடுகிறதா பார்ப்போம் என்று போனை எடுத்தேன். உள்ளே யார் யார் வேலை செய்கிறார்கள் என்று அதிலேயே தெரியும். ஜெபராஜ் இருந்தான். அவன் மேஜையிலிருந்தே, தன் பேரில், வெங்கட்ராமனும் உள்ளே இருந்தார். வெகுநேரமாக வேலை செய்துகொண்டிருந்தார்.

சேஷாத்ரி சார் ஆபீஸில் லாகின்தான் வருகைப்பதிவு. கால் மணி தாமதமானால் அரைநாள் லீவு. போனை மெதுவாக அவர் பக்கம் திருப்பினேன். படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ரவி, அந்த போனை உள்ள வைங்கோ. இந்தக் கூட்டத்துல திருட்டு ஜாஸ்தி."

இரண்டு மேஜை, ஒரு பேர்

ஒரே பேர் இரண்டு மேஜையில் இருந்தால் சர்வர் விழுமா என்று, வண்டி நகருகிறவரை எங்கள் சர்வரின் கர்னலைப் பற்றி இணையத்தில் வந்திருந்த எச்சரிக்கைகளைத் தேடிப் படித்தேன். கர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நடு உறுப்பு. யாருக்கு எவ்வளவு மெமரி என்று பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். சாதாரண ஊழியர் என்ன செய்தாலும் அது விழக்கூடாது. எங்கள் பழைய கர்னலில் ஓர் ஓட்டை இருந்தது: ஒரே பேரில் ஒரு மேஜையில் வெளியேறும் அதே நொடியில் இன்னொரு மேஜையில் நுழைந்தால், விடுவித்த மெமரியையே மறுபடி விடுவிக்கப் போய், குழம்பி நின்றுவிடும். வெளியிலிருந்து யாரும் வர வேண்டாம். உள்ளே ஒரு சாதாரண லாகின் இருந்தால் போதும், மொத்த ஆபீஸையும் உட்காரவைத்துவிடலாம். கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை.

கதவைப் பார்த்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. வண்டி லேட்டான நாட்களில் வெங்கட்ராமன் ஓடிவந்து தன் மேஜையில் நுழைவார். அவர் தலை தெரிந்ததும் ஜெபராஜ் தன் மேஜையில் திறந்துவைத்திருந்த அவர் லாகினை மூடுவான். இரண்டும் ஒரே நொடியில் விழுந்த காலைகளில் சர்வரும் விழுந்தது. கேமராவில் கதவு தெரியவில்லை. குர்லாவில் இறங்கும்போது, நீங்கள் சொல்கிறீர்களா நான் சொல்லட்டுமா என்று வெங்கட்ராமனைக் கேட்டேன். அவர் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஆபீஸில் ஜெபராஜை நாற்காலியிலிருந்து எழுப்பி சார் பக்கத்தில் நிற்கவைத்தேன். அவன் மேஜையில் நான், தன் மேஜையில் வெங்கட்ராமன், இருவரும் வெங்கட்ராமன் பேரில். நான் வெளியேற, அவர் நுழைய, இரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தடவை எல்லாத் திரையும் உறைந்தது. ஜெபராஜின் கைகள் கட்டியபடியே இருந்தன. ஒரே ஆள் எதற்கு இரண்டு மேஜையில் இருக்கணும் என்று சார் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வெங்கட்ராமன் எழுந்து, வண்டி லேட்டானால் தன் பேரில் ஜெபராஜ்தான் உள்ளே இருப்பான் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டார். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று சார் ஜெபராஜ் மேல் பாய்ந்தார்.

"யாரு தொட்டதுன்னுதான் கேட்டிய சார். யாரு வந்திருக்கான்னு கேக்கவே இல்லியே."

இலவசம்

ஜெபராஜ் வேலையில் இருக்கிறான். வெங்கட்ராமனும் இருக்கிறார், விட்டால் ரிட்டர்ன் போட ஆளில்லை என்பதால். வாசலில் விரல்ரேகை மெஷின் வந்துவிட்டது. அப்டேட் போட அன்றே அனுமதி கிடைத்தது. ஓட்டையை அடைத்தது யார், நமக்கு என்ன பில் வரும் என்று சார் விசாரித்தார். முகம் தெரியாத யாரோ எழுதியது, பில் கிடையாது என்றேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"சும்மா எவனாவது ரிப்பேர் பண்ணித் தருவானா? அவனுக்கு இதுல என்ன லாபம்னு கொஞ்சம் பாருடா."

சர்வர் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட விழவில்லை என்றாலும், மழை பெய்கிற காலைகளில் சார் ஹார்பர் லைன் லேட்டா என்று விசாரித்துவிட்டு, கேமராவில் ஜெபராஜைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் காபியைக் கையில் எடுக்கிறார்.